சுவருக்குள் ஓடும் நீர்

காரைக்கால் நகரில், அரசலாற்றிலிருந்து நடந்தே சென்றடையும் தொலைவில், முன்கட்டு ஓடும் பின்கட்டுத் தளமுமாக ஒரு பழைய வீடு உண்டு. அவ்வீட்டின் கொல்லையில் கிணறும், கிணற்றடியில் துவைகல்லும், அருகே தவலை ஏற்றிய வெந்நீர் அடுப்பும் நெடுங்காலம் இருந்தன. எண்பதை நெருங்கும் மூதாட்டி ஒருவர் திருமணமாகி வந்த நாள் முதலாக அங்கேதான் நீராடி வந்தார். மார்கழி விடியலொன்றில் பாசி படிந்த கல்லில் கால் வழுக்கி விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. கண்புரை அறுவைக்குப் பின்னும் பார்வை முழுதாகத் தெளியாத அவரை இனியும் கிணற்றடிக்கு அனுப்பலாகாது என மூத்த மகன் முடிவு செய்தார். பின்கட்டில் பயன்பாடற்றுக் கிடந்த சிறு குளியலறையை இடித்துப் புதுப்பிக்கும் வேலை தொடங்கியது.

இளைய மகன் பாரிசின் புறநகரில் வாழ்பவர். காரைக்காலில் இது புதுமையன்று. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இவ்வூர் 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிருவாகத்தின்கீழ் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறியது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்துகொண்ட குடும்பங்கள் பல. அதனால் தெருவுக்குச் சிலரேனும் பிரான்சில் உறவினர் உடையவர்களாக இருக்கின்றனர். விடுமுறைக்கு வந்த இளைய மகன், அம்மாவுக்கென்று அங்கிருந்தே ஒரு தூவிக்குழாய்த் தொகுதியைக் கொண்டுவந்திருந்தார். வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து தரும் வால் மிக்ஸரும், தட்டுப் போன்று அகன்ற பெரிய ஷவரும் பளபளவென்று பெட்டியிலிருந்து வெளிவந்தபோது, வீடே கூடி நின்று பார்த்தது.

அதனைப் பொருத்தியவர் பக்கத்து ஊர் இளைஞர் ஒருவர். முறையான பயிற்சி பெற்றவரல்லர். கையாளாக வேலை பார்த்தே கற்றவர். பிரான்சு நாட்டு மரையும் நம் ஊர்க் குழாயின் அரை அங்குல மரையும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டதில் அவருக்கு மகிழ்ச்சி. மரை பொருந்தியது, எழுத்துத்தான் பொருந்தவில்லை. இடப்புறத் திருகில் ‘சி’ என்னும் எழுத்தும், வலப்புறத் திருகில் ‘எஃப்’ என்னும் எழுத்தும் பொறிக்கப்பட்டிருந்தன. ‘சி’ என்றால் ஆங்கிலத்தில் ‘கோல்டு’, அதாவது குளிர்நீர் என எண்ணி, அவர் தண்ணீர்க் குழாயை இடப்புறமும் வெந்நீர்க் குழாயை வலப்புறமும் இணைத்தார். கீசருக்கு அப்போது மின்னிணைப்புத் தரப்படவில்லை. இரு திருகிலும் தண்ணீரே வந்தது. வேலை முடிந்தது என எல்லாரும் கருதினர்.

‘இடப்பக்கம் சுடுதண்ணி, வலப்பக்கம் பச்சத்தண்ணி’ என்று இளைய மகன் தொலைபேசியில் அம்மாவுக்குச் சொல்லியிருந்தார். உலகின் பெரும்பாலான குளியலறைகளில் அதுவே வழக்கம். முதல் நாள் மூதாட்டி, முன்னெச்சரிக்கையாகத் தண்ணீரையே முதலில் திறப்போம் என்று வலப்புறத் திருகைத் திருகினார். கொதித்துக் கிடந்த கீசர் நீர் தோளில் இறங்கியது. அறுபது பாகை செல்சியசு வெப்பமுள்ள நீர் சில நொடிகளிலேயே தோலைப் புண்ணாக்கவல்லது. முதியோரின் மெல்லிய தோல் அதனை எங்ஙனம் தாங்கும்? தோளும் முதுகும் சிவந்து கொப்பளித்தன. புண் ஆறிய பின்னர், அவர் யாரிடமும் சொல்லாமல் மறுபடியும் கிணற்றடிக்கே செல்லத் தொடங்கினார். அதே பாசி, அதே கல். எதைத் தவிர்ப்பதற்காகப் பணம் செலவிடப்பட்டதோ, அதுவே திரும்ப வந்து நின்றது.

சினமுற்ற மூத்த மகன் மீதிக் கூலியை நிறுத்திவைத்தார். அந்த இளைஞரோ ஓடி ஒளியவில்லை. தமக்குத் தொழில் கற்றுத்தந்த முதியவரை அழைத்துக்கொண்டு தாமே வந்து நின்றார். முதியவர் திருகுகளை உற்றுப் பார்த்தார். அவருக்கும் அவ்வெழுத்துகள் புதியனவே. அப்போது உள்ளிருந்து வந்த மூதாட்டி, சுவரைத் தடவி இடப்புறத் திருகின் எழுத்தை விரலால் வருடினார். “இது சி. ‘ஷோ’ன்னு படிக்கணும் தம்பி. சூடுன்னு அர்த்தம். அது எஃப், ‘ஃப்ருவா’. குளிர்ச்சி” என்றார். பிரெஞ்சு ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் காரைக்காலில் தொடக்கப்பள்ளி சென்றவர் அவர். அவ்வீட்டில் அவ்வெழுத்தின் பொருள் அறிந்தவர், அந்தக் குழாய் யாருக்காக வாங்கப்பட்டதோ அவர் ஒருவரே. அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

மூடிகளை மட்டும் கழற்றி இடம் மாற்றி விடலாம் என்றார் இளைஞர். அரைமணி நேர வேலைதான். முதியவர் இசையவில்லை. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் அவர்கள் கை தானாகவே இடப்புறம் போகும். எழுத்தைப் பார்த்துத் திருகுவோர் எத்தனை பேர்? இதற்குள் மற்றொன்றையும் அவர் கண்டுவிட்டார். சுவரின் மறுபுறம் மூதாட்டி உறங்கும் அறை. அங்கே சுண்ணாம்பு பொருக்குத் தட்டி, ஈரம் முழங்கால் உயரத்திற்கு ஏறியிருந்தது. சுவரைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டு ஓடுகளை அறுத்து எடுத்ததும் காரணம் தெரிந்தது. பித்தளைக் குழாய் சேருமிடத்தில், பித்தளை மரை பதித்த முழங்கைக்கு மாறாக, முற்றிலும் பிளாஸ்டிக்கால் ஆனதொரு முழங்கை இருந்தது. கசிவைத் தடுக்க டெஃப்லான் நாடாவைத் தடிமனாகச் சுற்றி, வலுவாக முறுக்கியதில் அது மயிரிழையளவு வெடித்திருந்தது. குழாய் பதித்தபின் முனைகளை அடைத்து, கைப்பம்பால் அழுத்தமேற்றி, அளவுமானியின் முள் இறங்குகிறதா எனப் பார்த்த பின்பே பூசவேண்டும், ஓடு ஒட்டவேண்டும். அவசரத்தில் அந்தச் சோதனை நடக்கவில்லை. கசிகின்ற நீருக்குத் தானாகவே வழி தெரிந்துவிடுகிறது. மனிதன்தான் அதனைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது.

நீரைக் கசியாமல் அடக்கும் கலை மிகப் பழைமையானது. மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தைக் கட்டியவர்கள் செங்கற்களை நெருக்கமாக அடுக்கி, ஜிப்சக் காரை பூசி, அதன் பின்னே நிலக்கீல் படலமும் இட்டிருந்தனர். கீழடியில் ஒன்றனுள் ஒன்று செருகிய சுடுமண் குழாய்கள் கிடைத்துள்ளன. ‘பிளம்பர்’ என்னும் சொல்லே ஈயத்தைக் குறிக்கும் ‘பிளம்பம்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உரோமானியர் ஈயக்குழாய்களில் நீரைக் கொண்டுசென்றனர். உலோகத் துண்டுகளை இணைக்கும் பொருளுக்குத் தமிழில் ‘பற்றாசு’ என்னும் அழகிய சொல் இருந்தும், இன்று அதனைப் பயன்படுத்துவோர் அரியர். இத்துணைப் பழைய தொழிலைப் பார்த்துப் பழகியே கற்றுக்கொள்ளட்டும் என்று நாம் விட்டுவிடுகிறோம். தொழிற்பயிற்சி நிலையங்களில் ஓராண்டுப் பாடமாக அது கற்பிக்கப்படுவதை அந்த இளைஞரிடம் எவரும் சொல்லியிருக்கவில்லை.

சுவர் திறந்திருந்த வேளையில் குழாய்கள் இடம் மாற்றப்பட்டன. எஞ்சியது பெரிய ஷவர். அதிலிருந்து நீர் மழையாகப் பொழியாமல் நூலாக வழிந்தது. அது இளைஞரின் பிழையன்று. ஏறத்தாழ மூன்று பார் அழுத்தத்தில் நீர் வரும் ஐரோப்பிய நகரக் குழாய்களுக்கென வடிக்கப்பட்ட கருவி அது. பத்து மீட்டர் உயர நீர்ப்பத்தியே ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். இவ்வீட்டுத் தளத்தின் மேலுள்ள தொட்டியின் நீர்மட்டமோ ஷவருக்கு மேல் இரண்டு மீட்டர். கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு பார்தான். அழுத்தப் பம்பு வைக்கலாம் என்றார் மகன். நின்று குளிக்க அஞ்சுபவருக்கு மழை எதற்கு என்று கேட்டார் முதியவர். குறைந்த அழுத்தத்திலும் நீர் தரும் சிறிய கைத்தூவி ஒன்று, அமர்ந்து குளிக்க ஒரு முக்காலி, பிடித்து எழ ஒரு கைப்பிடிக் கம்பி ஆகியவை வந்தன. தரைச்சரிவு வாயிலை நோக்கி இருந்ததையும் கொத்தனாரைக்கொண்டு வடிகால் பக்கம் திருப்பினர். கடலோர ஊரின் உவர்நீர் தூவியின் துளைகளில் உப்புப் படிய வைக்கும். மாதம் ஒருமுறை காடியில் ஊறவைத்துக் கழுவுமாறு முதியவர் சொல்லிச் சென்றார்.

கூலி பற்றிய பேச்சில் மூதாட்டியே குறுக்கிட்டார். “அந்தப் புள்ள தெரியாம செஞ்சுது. நீங்க ரெண்டு பேரும் பிரெஞ்சுக்காரன் குழாய வாங்கிக் குடுத்துட்டு, ஒரு வார்த்த சொல்லலியே” என்றார். மூத்த மகன் மறுமொழி கூறவில்லை. உடைந்த முழங்கைக்கும் ஓட்டிற்கும் உரிய தொகையை இளைஞர் ஏற்றார். மீதிக் கூலி மறுநாள் கைக்கு வந்தது.

ஓடு ஒட்டுவதற்கு முன், திறந்த சுவரில் அளவுநாடாவை நீட்டிவைத்து, எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று தம் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார் அந்த இளைஞர். பின்னர்ச் சட்டைப்பையிலிருந்த சிறு குறிப்பேட்டில் ‘சி: சூடு’ என எழுதினார். மூதாட்டி அதனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்து, “எஃப்பையும் எழுதிக்க தம்பி” என்றார்.