சரிங்க, சரிங்க

டிரெட்மில் அறைக்குள் வரும் பெண்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது, "சேலையோட நடக்கலாமா சிஸ்டர்?" என்றுதான். முடியாது. பெல்ட்டில் முந்தானை சிக்கினால் இதயத்தைக் காட்ட வந்தவர் எலும்பு டாக்டரிடம் போக வேண்டியிருக்கும். அதற்காகவே முன்பக்கம் திறக்கும் சட்டையும் பேண்ட்டும் நாலு ஜோடி துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். மாற்றிக்கொண்டு வெளியே வரும்போதே கூச்சத்தில் நாடித்துடிப்பு பத்து ஏறியிருக்கும். அந்தப் பத்தை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

இந்த வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வேலை என்று பார்த்தால் எளிது. ஸ்பிரிட்டால் துடைத்து, தோலை லேசாகத் தேய்த்து, பத்து எலக்ட்ரோடு ஒட்ட வேண்டும். மார்பகத்துக்குக் கீழே வருவதுதான் தொல்லை. வியர்த்தால் நழுவும், நழுவினால் திரையில் கோடு ஆடும். ஆண்களுக்குச் சவரம், பெண்களுக்குச் சமாதானம். இரண்டும் சரியாக நடந்தால்தான் நல்ல கோடு கிடைக்கும்.

பிறகு நடை. சியாட்டில் நகரத்து டாக்டர் ராபர்ட் புரூஸ் 1960களில் வகுத்துத் தந்த முறைதான் இன்றும். முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம். அடுத்த மூன்று நிமிடம் 4 கிலோமீட்டர், 12 சதவீதம். இப்படியே வேகமும் ஏற்றமும் கூடிக்கொண்டே போகும். நம் பெண்களில் பலர் முன்னால் இருக்கும் கம்பியை விடவே மாட்டார்கள். இறுக்கிப் பிடித்தால் பாதிப் பாரம் கைக்குப் போய்விடும், இதயத்துக்கு வேலை குறைந்துவிடும். "விரலை மட்டும் வைங்கம்மா, தொட்டுக்கிட்டா போதும்" என்று ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சொல்கிறேன்.

220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தை எட்டவேண்டும் என்பது வழக்கமான கணக்கு. ஐம்பது வயதுப் பெண் 145-ஐத் தொட வேண்டும். 138-இல் மூச்சு வாங்கி நின்றுவிட்டால் "இலக்கை எட்டவில்லை" என்று எழுதிவிடுவோம். சிகாகோ வட்டாரத்தில் 5,437 பெண்களை மட்டுமே வைத்து ஆராய்ந்த மார்த்தா குலாட்டி 2010-இல் வேறொரு கணக்கைச் சொன்னார்: வயதை 0.88-ஆல் பெருக்கி 206-இலிருந்து கழிக்க வேண்டும். அதன்படி ஐம்பது வயதுக்கு இலக்கு 138-க்குக் கீழே வந்துவிடும். நான் பாதியில் நின்றதாக எழுதிய எத்தனை பெண்கள் உண்மையில் முழுப் பரீட்சையும் எழுதி முடித்தவர்களோ!

இனி ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐம்பத்தொரு வயது. ஆறு மாதமாக நெஞ்சு அடைப்பு. எலக்ட்ரோடு எல்லாம் ஒட்டி, பெல்ட்டின் மேல் நிற்க வைத்து, பி.பி. பட்டையைக் கையில் சுற்றியாயிற்று. பெல்ட் இன்னும் ஓடவில்லை. அப்போது அவர் போன் அடித்தது. அணைத்து வைக்கச் சொல்ல மறந்தது என் தவறு. மகளின் மாமியார். அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை, இந்தப் பக்கம் "சரிங்க... சரிங்க..." என்பதைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. குரல்கூட உயரவில்லை. ஆனால் திரையில் 84 என்றிருந்த நாடித்துடிப்பு 118-க்குப் போய்விட்டது. பி.பி. 130-இலிருந்து 172. இசிஜி கோட்டில் சொல்லும்படி மாற்றம் இல்லை. போனை வைத்துவிட்டு நெஞ்சின் நடுவில் கையை வைத்துக்கொண்டு, "இதுதான் சிஸ்டர், இதேதான் வலிக்கும்" என்றார்.

பத்து நிமிடம் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பி.பி. இறங்கிய பிறகு நடக்கவிட்டேன். எட்டு நிமிடம் ஜோராக நடந்தார். வலி வரவில்லை, ரத்தக் குறைவைக் காட்டும்படி கோடும் இறங்கவில்லை. ரிப்போர்ட் நெகட்டிவ். கீழே குறிப்பு எழுதும் இடத்தில் என் கையால் எழுதினேன்: நோயாளி பதற்றமானவர். அந்தப் போனைப் பற்றி ஒரு எழுத்து எழுதவில்லை. கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அன்று நான் கண்ணால் பார்த்ததுதான் அந்த அம்மாவின் நிஜமான ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்பது எனக்குப் புரிய மூன்று வருடம் ஆயிற்று.

புரிந்தது டெக்னீஷியன்களுக்கான ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில். அமெரிக்காவில் அட்லாண்டாவிலுள்ள எமரி பல்கலைக்கழகத்தில் வயோலா வக்கரினோ என்ற பேராசிரியையின் குழு செய்கிற சோதனையைப் பற்றிச் சொன்னார்கள். அங்கே இந்தச் சோதனைக்கு பெல்ட் கிடையாது. அமைதியான அறையில் அரைமணி நேரம் ஓய்வு. பிறகு ஒரு சூழ்நிலையைக் கற்பனை செய்யச் சொல்வார்கள்: உங்கள் நெருங்கிய உறவினரை முதியோர் இல்லத்தில் மோசமாக நடத்துகிறார்கள். யோசிக்க இரண்டு நிமிடம். அதன்பின் வீடியோ கேமராவுக்கும் வெள்ளைக் கோட்டு போட்டவர்களுக்கும் முன்னால் மூன்று நிமிடம் பேச வேண்டும். பேச்சுக்கு நடுவே நரம்பில் கதிரியக்க மருந்தைச் செலுத்திவிட்டு, அந்த நேரத்தில் இதயத் தசையின் எந்தப் பகுதிக்கு ரத்தம் குறைந்தது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பெண்களுக்குக் கற்பனைக் கதை எதற்கு? போனைக் கையில் கொடுத்தால் போதுமே.

சிரிப்பை அடக்கியது அடுத்து வந்த எண்கள். ஏற்கெனவே இதயநோய் உள்ள 918 பேரை இப்படிச் சோதித்து, சுமார் ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 2021-இல் வெளியான முடிவு இது. நடை அல்லது மருந்தால் இதயத்தை வேகப்படுத்தியபோது ரத்தம் குறைந்தவர்கள் 31 சதவீதம். பேசச் சொன்னபோது குறைந்தவர்கள் 16 சதவீதம்தான். ஆனால் பின்னாளில் மாரடைப்போ இதயநோயால் மரணமோ வரும் ஆபத்து, பேச்சில் மட்டும் குறைந்தவர்களுக்கு எதிலும் குறையாதவர்களைப் போல் இரண்டு மடங்கு. நடையில் மட்டும் குறைந்தவர்களுக்கு அப்படித் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அதே குழு, நடுவயதுக்குள் மாரடைப்பு வந்து பிழைத்தவர்களைப் பார்த்தபோது, மன அழுத்தத்தில் ரத்தம் குறைந்தது ஆண்களில் 11 சதவீதம், பெண்களில் 22.

ஏன் பெண்களுக்கு? இதயத் தசை தனக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு இடையே, தளரும் நேரத்தில்தான் வாங்கிக்கொள்கிறது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட உட்காருகிறவளைப் போல. துடிப்பு கூடினால் அந்த இடைவெளி சுருங்கும். நடக்கும்போது இது பெரிய பிரச்சினை ஆவதில்லை; ஆரோக்கியமான இதயத்தின் ரத்தக்குழாய்கள் விரிந்து, ஓட்டத்தை மூன்று நான்கு மடங்குவரை கூட்டிவிடும். அவமானத்தில், பயத்தில், விழுங்கிய கோபத்தில் அட்ரினலின் பாயும்போது கணக்கு மாறுகிறது. அப்போது சிலருக்கு நுண்ணிய குழாய்கள் விரியாமல் இறுகிக்கொள்கின்றன. அட்லாண்டாக்காரர்கள் இதை விரல் நுனியில் அளந்திருக்கிறார்கள். ஆண்களுக்கு ரத்தம் குறைவது பெரும்பாலும் பி.பி.யும் துடிப்பும் எகிறுவதோடு சேர்ந்து வந்தது. பெண்களுக்கு விரல் நுனிக் குழாய்கள் சுருங்குவதோடு சேர்ந்து வந்தது. பயத்தில் கை சில்லிட்டுப் போச்சு என்கிறோமே, அதே சில்லிப்பு இதயத்துக்குள்ளும்.

இதை ஆஞ்சியோவில் பார்க்க முடியாது. ஆஞ்சியோ காட்டுவது மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள பெரிய குழாய்களையும் அவற்றின் கிளைகளையும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவானவை படத்தில் விழாது. ஆற்றில் தண்ணீர் புரண்டு ஓடுவதைப் பாலத்தில் நின்று பார்த்துவிட்டு, வயலுக்குப் பாய்கிறது என்று சொல்லமுடியுமா? மடை மூடிக் கிடந்தால்? 1996-இல் தொடங்கிய அமெரிக்க ஆய்வு ஒன்று, நெஞ்சுவலியோடு ஆஞ்சியோவுக்கு வந்த பெண்களை ஆராய்ந்தது. அவர்களில் 'அடைப்பே இல்லை' என்று தெரிந்தவர்களில் பலருக்கு மடையில்தான் கோளாறு. ஆஞ்சியோவின்போதே அசிட்டைல்கொலின் செலுத்தி, குழாய் விரிகிறதா சுருங்குகிறதா என்று பார்க்கலாம். கிளாஸ்கோ வட்டாரத்தில் 151 பேரிடம் காலின் பெர்ரி குழு செய்த சோதனை 2018-இல் வெளிவந்தது. முடிவைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்கு ஆறு மாதத்தில் வலி நன்றாகக் குறைந்திருந்தது. நான் வேலை பார்க்கும் இடத்தில் அந்தச் சோதனை கிடையாது.

மனம் இதயத்தை ஒரே அடியாக அடித்துப் போடுவதையும் பக்கத்து எக்கோ அறையில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் ஒரு பாட்டியம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இதயத்தின் மேல்பகுதி துடிக்கிறது, நுனி பலூன்போல உப்பி அசையாமல் கிடக்கிறது. ஆஞ்சியோவில் அடைப்பே இல்லை. 1990-இல் ஹிரோஷிமாவில் சாட்டோ என்ற டாக்டர் இதற்கு டகோட்சுபோ என்று பெயர் வைத்தார். கழுத்து குறுகி அடி உருண்ட, ஆக்டோபஸ் பிடிக்கும் ஜாடி. இது வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிலக்கு நின்றவர்கள். அந்தப் பாட்டியம்மா சில வாரத்தில் தேறிவிட்டார். இடி விழுந்தால் எல்லாரும் ஓடி வருவார்கள். தினமும் சொட்டுவதற்கு யார் வருவார்கள்?

அந்த வகுப்புக்குப் பிறகு என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். முன்பு "நடந்தா வலிக்குதா, மாடி ஏறினா வலிக்குதா?" என்று கேட்பேன். இப்போது, "கடைசியா வலிச்சப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" எலக்ட்ரோடு ஒட்டும் பத்து நிமிடத்தில் இதைக் கேட்டுவிடலாம், கூச்சமும் குறையும். 'பதற்றமானவர்' என்று எழுதுவதை விட்டுவிட்டேன். பி.பி. இவ்வளவிலிருந்து இவ்வளவுக்கு ஏறியது, எந்தப் பேச்சின்போது, வலி வந்ததா என்று எழுதுகிறேன். ஆரம்பத்தில் டாக்டர்களுக்கு எரிச்சல்தான். "நீங்க கோட்டை மட்டும் பாருங்கம்மா" என்றார் ஒருவர். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பெண்களுக்குக் காரணமே இல்லாமலும் கோடு இறங்கும், நெஞ்சுவலி எல்லாமே மனசால் வருவதும் இல்லை. 'எல்லாம் டென்ஷன்' என்று வீட்டுக்கு அனுப்பி மாரடைப்போடு திரும்பி வந்தவர்களும் உண்டு. அதனால்தான் எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறேன், முடிவு சொல்வதில்லை.

போன வாரம் ஒரு பள்ளிக்கூடச் சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவர் வந்தார். நாற்பத்து நாலு வயது. ஐம்பது பிள்ளைக்குச் சோறு வடிக்கிற கை, கம்பியைத் தொடவே இல்லை. ஒன்பது நிமிடம் நடந்தார். நெகட்டிவ். எலக்ட்ரோடைப் பிரிக்கும்போது, "மூட்டை தூக்கினாக்கூட ஒண்ணும் பண்ணாது சிஸ்டர். குழுக்கடன் வசூலுக்கு வர்ற அன்னிக்குத்தான் இங்க புடிக்கும்" என்றார்.

ரிப்போர்ட்டின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்: வலி — செவ்வாய் காலை, 9 முதல் 10.

அரைமணி நேரத்தில் புதிதாக வந்திருக்கும் டாக்டர் மேடம் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார். "அக்கா, இது என்ன, மாத்திரை போடுற நேரமா?"

"இல்ல மேடம், உட்காருங்க" என்றேன்.