விருந்தினரை எழுப்பலாகாது

வெளிமான்களைக் காக்கவென 1967-இல் சரணாலயமாக்கப்பட்ட கோடியக்கரை, குளிர்காலத்தில் வலசைப் பறவைகளின் விருந்தகமாகிறது. மாசி மாதக் காலையொன்றில் ஒளிப்படக் கருவியுடன் அங்குச் சென்றேன். வண்ணத்துப்பூச்சியொன்று சிறகு விரித்து இளவெயிலில் உடலைச் சூடேற்றிக்கொண்டிருந்தது. என் நிழல் அதன்மேல் விழாதவாறு மண்டியிட்டுக் காத்திருந்து படமெடுத்தேன்.

அப்பால், ஆழமற்ற நீரில் பூநாரைகள் நின்றன. அவற்றின் செஞ்சிறகும் கரிய ஓரமும் பறக்கையில்தான் முழுமையாகத் தெரியும். “கைதட்டுங்கள், எழும்பிவிடும்” என்றார் உடன்வந்த நண்பர். அருகே சிட்டுக்குருவியளவே உள்ள கொசு உள்ளான்கள் இரை தேடிக்கொண்டிருந்தன. வடதுருவத்தை அடுத்த தூந்திர நிலங்களிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வந்தவை அவை. திரும்பிச் செல்ல உடலில் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். அஞ்சி எழும் ஒவ்வொரு முறையும் அச்சேமிப்புக் கரையும். நான் கைதட்டவில்லை. நின்ற கோலத்திலேயே பூநாரைகளைப் படமெடுத்துத் திரும்பினேன்.

மாணவ நண்பர்களே! உண்ணும் விருந்தினரை இடையில் எழுப்பலாகாது என்பது நம் இல்லங்களின் வழக்கமன்றோ? கடற்கரையிலும் அதுவே முறை.