அரை கிரெயின்

எனக்கு முதலில் கிடைத்த வேலை பித்தளை பொறுக்குவது. சுட்டு முடித்ததும் ரைஃபிள் வெளியே தள்ளும் வெற்றுக் கூடுகளை சுடுதளத்தில் எல்லோரும் பித்தளை என்றுதான் சொல்வார்கள். புல்லுக்குள் உருண்டு போனவற்றைத் தேடி எடுத்து, மண்ணைத் தட்டி, வாய் நசுங்கியதை ஒதுக்கிவிட்டு, நல்லதைப் பழைய காப்பித்தூள் டப்பாவில் போட வேண்டும். சூடு ஆறாத கூட்டை அவசரப்பட்டு எடுத்தால் விரல் சுடும். எரிந்த வெடிமருந்தின் வாசம் கையில் ஒட்டிக்கொண்டு ராத்திரிச் சாப்பாடு வரை போகாது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வா என்று அம்மா இரண்டாவது முறையும் அனுப்புவாள்.

1980களின் தொடக்கம் அது. அமெரிக்காவின் நடுவில், நெப்ராஸ்கா மாநிலத்தில், கிராண்ட் ஐலண்ட் என்ற ஊர். அப்பா அங்கே மருத்துவராக இருந்தார். 1965இல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு கடல் கடந்த நம் மருத்துவர்களில் பலர் இப்படிப்பட்ட சின்ன ஊர்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். கண்ணுக்கு எட்டும் வரை சோளக்காடு. ஊரை அறுத்துக்கொண்டு போகும் யூனியன் பசிபிக் தண்டவாளம். தெற்கே ஆழமில்லாத பிளாட் ஆறு. மார்ச் மாதம் அந்த ஆற்றுப் படுகையில் சாம்பல் நிறப் பெருங்கொக்குகள் லட்சக்கணக்கில் வந்து இறங்கும். அவை கத்துவது எங்கள் வீட்டு மாடிக்குக் கேட்கும்.

எதிர்வீட்டில் இருந்தவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளமையில் கொரியப் போருக்குப் போய் வந்தவர். அவருக்குப் பேரப்பிள்ளைகள் தூரத்தில் இருந்தார்கள், எனக்குத் தாத்தாக்கள் தஞ்சாவூர்ப் பக்கம் இருந்தார்கள். அம்மா அவரை ‘எதிர்வீட்டுத் தாத்தா’ என்று சொல்ல ஆரம்பித்ததும் எனக்கும் அதுவே பெயராகிவிட்டது.

அந்த ஊருக்கும் தோட்டாவுக்கும் பழைய உறவு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஊருக்கு மேற்கே கார்ன்ஹஸ்கர் என்ற பெயரில் பெரிய வெடிகுண்டுத் தொழிற்சாலை இருந்தது. அதன் காவலர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுக்க வந்தவர் ஜாய்ஸ் ஹார்னடி. போர் முடிந்த பிறகு 1949இல் அவர் அதே ஊரில் குண்டு செய்யும் தொழிலைத் தொடங்கினார். முழுத் தோட்டா அல்ல, தோட்டாவின் முனையில் இருந்து பறந்து போகிறதே, அந்தச் செம்பு உறை போட்ட குண்டு மட்டும். அதை யார் வாங்குவார்கள்? தன் தோட்டாவைத் தானே அடைத்துக்கொள்ளும் எதிர்வீட்டுத் தாத்தா மாதிரியான ஆட்கள்தான். 1981 ஜனவரியில் ஹார்னடி சென்ற சிறு விமானம் நியூ ஆர்லியன்ஸ் அருகே விழுந்து அவர் இறந்துபோனபோது ஊரே துக்கத்தில் இருந்தது. தாத்தா அன்று வாசலில் பனி தள்ளக்கூட வெளியே வரவில்லை.

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொட்டு மாதிரி பொருந்தியிருந்து மருந்துக்குத் தீ வைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்ட பிறகு மற்ற மூன்றின் வேலையும் முடிந்துவிடும், விலை கூடிய கூடு மட்டும் மிஞ்சும். அதைப் பலமுறை மறுபடி அடைக்கலாம். காசு மிச்சமாகும் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, கடைத் தோட்டா எல்லா ரைஃபிளுக்கும் பொதுவாகச் செய்தது என்பது. ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடுத்தடுத்த நம்பர் போட்ட இரண்டு ரைஃபிள்களுக்குக்கூட வேறு வேறு அளவு பிடிக்கும். தன்னுடைய ரைஃபிளுக்கு எது பிடிக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் தாத்தாவுடைய சனிக்கிழமைகள் போயின.

அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் கனமான மர மேசை. அதில் போல்ட் போட்டு முடுக்கிய பச்சை நிற ஆர்.சி.பி.எஸ். அழுத்து இயந்திரம். கலிஃபோர்னியாவின் ஓரோவில்லில் ஃப்ரெட் ஹண்டிங்டன் என்பவர் 1943இல் தொடங்கிய கம்பெனி அது. சுடும்போது கூடு உப்பிவிடும். உப்பிய கூட்டுக்கு மெழுகு மாதிரி ஒன்றைத் தடவி, அச்சுக்குள் விட்டுக் கைப்பிடியை இழுத்தால் பழைய அளவுக்குச் சுருங்கும். அதே இழுப்பில் செத்த பிரைமர் கீழே உதிரும். அந்தக் கைப்பிடியை இழுக்க என்னை விட்டார். பிரைமர் அடைப்பதும் மருந்து போடுவதும் அவர் மட்டும்.

அந்த மேசைக்குச் சில சட்டங்கள் இருந்தன. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் மேசை மேல் இருக்கலாம், மற்றவை அலமாரியில். மருந்து நிறுக்கும்போது ரேடியோ கிடையாது, பேச்சு கிடையாது. வாசல் மணி அடித்தால் கையில் இருக்கும் கூட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். எல்லாக் கூடுகளிலும் மருந்து போட்டு மரத்தட்டில் வரிசையாக நிறுத்திய பிறகு, டார்ச் அடித்து ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் பார்ப்பார். பிறகு என்னைப் பார்க்கச் சொல்வார். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். மருந்தே இல்லாத தோட்டாவில் பிரைமரின் உந்துதலால் குண்டு குழலுக்குள் பாதியில் சிக்கிக்கொள்ளலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கலாம். பதினோரு வயதுப் பையனின் கண்ணை அவர் இரண்டாவது சோதனையாக நம்பினார். அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய மரியாதை எதுவும் கிடைத்ததாக நினைவில்லை.

அங்கே எடை எல்லாம் கிரெயின் கணக்கு. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். தாத்தாவின் தராசில் பத்தில் ஒரு கிரெயின் வரை பார்க்கலாம். ஒரு நாள் என்னைக் கூப்பிட வந்த அம்மா, அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிட்டிகை சிட்டிகையாக மருந்து சேர்ப்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள். “கும்பகோணத்தில் எங்கள் பத்தர் குன்றிமணி போட்டு நிறுப்பார், அதே மாதிரி இருக்கிறதே” என்றாள். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒரு குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின். தாத்தாவுக்கு அந்த விஷயம் மிகவும் பிடித்துப்போய், தமிழ்நாட்டிலிருந்து யாராவது வந்தால் நாலு குன்றிமணி வாங்கிவரச் சொல்லுங்கள் என்று கேட்டார். அடுத்த முறை மாமா வந்தபோது கொண்டுவந்தார். அவை தாத்தாவின் தராசுப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியில் இருந்தன.

அம்மாவுக்கு ஒரு கேள்வி மட்டும் உறுத்தலாகவே இருந்தது. “மான் அடிக்கிறவரா அவர்?” ஆம். நவம்பர் மாதம் உரிமம் வாங்கி ஒரு மான். அந்த மாமிசம்தான் குளிர்காலம் முழுவதும் அவருடைய சாப்பாடு. “கோணலாகப் பட்ட மான் பல மணி நேரம் துடிக்கும். அது நடக்கக்கூடாது என்றுதான் வருஷம் பூராவும் காகிதத்தைச் சுடுகிறேன்” என்று ஒருமுறை அப்பாவிடம் சொன்னார். அம்மா அதை ஏற்றுக்கொண்டாளா என்று தெரியாது, என்னை அவருடன் அனுப்புவதை மட்டும் நிறுத்தவில்லை.

சுடுதளம் ஊருக்கு வெளியே இருந்தது. கூரை போட்ட கொட்டகை, சிமெண்ட் மேசைகள், நூறு கஜத்தில் ஒன்றும் இருநூறு கஜத்தில் ஒன்றுமாக மண்மேடுகள். முன்னால் இலக்கு மாற்ற ஆள் போகும்போது சிவப்புக் கொடி ஏறும். கொடி இருக்கும்வரை ரைஃபிளைத் தொடக்கூடாது, தோட்டா அறையை மூடும் போல்ட் திறந்தே இருக்க வேண்டும், மேசையை விட்டு ஓரடி பின்னால் நிற்க வேண்டும். எவ்வளவு பழகியவரானாலும் இதில் சலுகை கிடையாது.

எனக்குத் தந்தது .22 ரைஃபிள். அதன் தோட்டாவை மறுபடி அடைக்க முடியாது, பிரைமர் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். குப்புறப் படுத்து, தோல்வாரை இடது கையில் இறுக்கி, இலக்கைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடச் சொல்வார். இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறந்தால் குறி நகர்ந்திருக்கும். கையால் தள்ளிச் சரிசெய்யக்கூடாது. உடம்பையே கொஞ்சம் திருப்பி, கண்ணை மூடித் திறந்தாலும் குறி அங்கேயே நிற்கும்வரை படுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தோட்டா கையில் வரும். மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு தொடங்கும் முன் வரும் அந்த இடைவெளியில் விசையை நேராகப் பின்னுக்கு அழுத்த வேண்டும். எப்போது வெடிக்கும் என்று எனக்கே தெரியக்கூடாது என்பார்.

அது ஏன் என்று எனக்குச் சரியாகப் புரிந்தது அப்பாவைப் பார்த்துத்தான். ஒரு நாள் அப்பாவும் வந்து தாத்தாவின் பெரிய ரைஃபிளை எடுத்தார். அது தர்ட்டி-ஆட்-சிக்ஸ், 1906இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டு இரண்டு உலகப் போர்களிலும் கொரியாவிலும் சுட்ட தோட்டா. அப்பாவின் குண்டுகள் எல்லாம் வட்டத்துக்குக் கீழே போயின. தாத்தா ஒன்றும் சொல்லாமல், அடுத்ததை நானே போட்டுத் தருகிறேன் என்று வாங்கி, மருந்தில்லாத பொய்த்தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். அப்பா விசையை இழுத்தார். சத்தமே இல்லை, ஆனால் குழலின் நுனி நன்றாகக் கீழே குத்தியது. வெடிக்கப் போகிறது என்று உடம்பு முன்கூட்டியே அதிர்ந்துகொள்கிறது. அப்பா சிரித்துவிட்டு, தோள் தயாராவதற்கு மூளை அனுப்பும் கட்டளை இது, நோயாளிக்கு ஊசி போடும் முன்பே தசை இறுகுவதைத் தினமும் பார்க்கிறேன் என்றார்.

புது அளவு சோதிக்கும் நாள் வேறு மாதிரி இருக்கும். கையேட்டில் அச்சிட்ட உச்ச அளவுக்குப் பத்து சதவீதம் கீழே தொடங்கி, அரை அரை கிரெயினாகக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வோர் அளவுக்கும் ஐந்து தோட்டா அடைத்து எண் எழுதிய உறைகளில் கொண்டுவருவார். 150 கிரெயின் குண்டு, 4895 என்ற மருந்து. அந்த மருந்து இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் உபரியாக மலிந்து கிடந்தது. கன்ஸாஸ் மாநிலத்தின் புரூஸ் ஹாட்ஜ்டன் ராணுவத்திடமிருந்து மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்றார். அந்த ஒருவருடைய துணிச்சலால்தான் ரயில்வேக்காரரும் விவசாயியும் வீட்டில் தோட்டா அடைக்க முடிந்தது என்று தாத்தா சொல்வார்.

மணல் மூட்டை மேல் ரைஃபிளைக் கிடத்தி, நிதானமாக ஐந்து. குழல் ஆறும்வரை காத்திருப்பு. மறுபடி ஐந்து. நான் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்ல, அவர் நோட்டில் எழுதுவார். குறைந்த அளவில் துளைகள் பரவிக் கிடக்கும். அரை கிரெயின் கூட்டினால் நெருங்கும். இன்னும் அரை, மறுபடி விரியும். பிறகு திடீரென்று ஓர் அளவில் ஐந்து துளைகளும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்கும். வெடிக்கும்போது குழல் அதிர்கிறது, அந்த அதிர்வு ஒரு முனையில் திரும்பும் கணத்தில் குண்டு வெளியேறினால் எல்லாம் ஒரே இடத்துக்குப் போகும் என்பது அவருடைய விளக்கம். ஒவ்வோர் ஐந்துக்கும் பிறகு கூட்டின் அடியைப் பார்ப்பார். பிரைமரின் விளிம்பு தட்டையாகிவிட்டதா, போல்ட்டைத் தூக்கும்போது பிடிக்கிறதா? ஒரு முறை அப்படி லேசாகப் பிடித்ததும், மிச்சமிருந்த உறைகளைத் தொடாமல் பெட்டியில் வைத்துவிட்டார். வீட்டுக்குப் போய் அத்தனையையும் பிரித்து மருந்தைத் திரும்பக் கொட்டினார்.

நூறு கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் ஐந்து குண்டு என்றால் நல்ல ரைஃபிள், நல்ல கை. ஆனால் ஒரு தடவை வந்ததை அவர் நம்பமாட்டார். அதே அளவை வேறொரு நாள், வேறொரு காற்றில், மறுபடி பத்து சுட்டுப் பார்ப்பார். மூன்று குண்டு சேர்ந்து விழுந்ததும் புகைப்படம் எடுத்து மாட்டுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். மூன்றில் ஒன்றும் தெரியாது, தற்செயலாகவே மூன்று சேரும். விலகிப்போன ஒரு குண்டை ‘அது என் தப்பு, கணக்கில் வேண்டாம்’ என்று விடுவதும் ஏமாற்றுதான். தாத்தா விலகியதையும் சேர்த்தே அளந்தார். நெப்ராஸ்கா காற்று அந்தச் சமவெளியில் எதற்கும் நிற்காது. மணிக்குப் பத்து மைல் குறுக்குக் காற்று நூறு கஜத்துக்குள் என் .22 குண்டை மூன்று நான்கு அங்குலம் தள்ளிவிடும். வெயிலும் அப்படித்தான், மருந்து சூடேறினால் அழுத்தம் கூடும். குளிரில் கண்டுபிடித்த அளவை ஆகஸ்ட் வெயிலிலும் சோதித்த பிறகே நோட்டில் சிவப்பு மையால் வட்டம் போடுவார்.

காரில் போகும்போது தாத்தா என்னை எப்போதும் தன் வலப்பக்கம்தான் உட்காரவைப்பார். ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் இருக்கும் நாட்டில் அது இயல்புதானே என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் இடப்பக்கச் சுவரோரம் தேடி உட்காருவதை அப்பா கவனித்தார். ஒரு மாலை இசைக்கவையைத் தட்டி இரண்டு காதுகளுக்கும் அருகில் பிடித்துப் பார்த்தார். இடது காதில் உயர்ந்த ஒலிகள் அநேகமாக எதுவும் இல்லை. வலது கையால் சுடுகிறவருக்கு இடது காது குழலின் வாய்ப்பக்கம் திரும்பியிருக்கும், வலது காதைத் தலையே மறைக்கும், அதனால் இடதுதான் முதலில் போகும் என்று அப்பா விளக்கினார். கொரியாவில் தாத்தா எம்-1 கேரண்ட் ரைஃபிளைக் காதுக்கு ஒன்றும் இல்லாமல் சுட்டிருக்கிறார். ஊர் திரும்பிய பிறகும் பல வருஷம் பஞ்சுதான். கொக்குகள் வரும் மாதத்தில் நான் மாடிக்கு ஓடுவதை அவர் வேடிக்கை பார்ப்பாரே தவிர, அவருக்கு அந்தச் சத்தம் கேட்டதே இல்லை. எனக்கு ஏன் காதுக்குள் அடைப்பானும் அதன் மேல் உறையும் இரண்டும் மாட்டிவிட்டு, தாடையை அசைத்துக் காட்டச் சொல்லிச் சரிபார்த்தார் என்பது அன்றுதான் புரிந்தது.

பெரிய ரைஃபிளின் வெடிச்சத்தம் சுடுபவர் காதருகே 155 டெசிபெலுக்கு மேல். காதுக்கு ஆபத்தான எல்லை 140. பஞ்சு அநேகமாக எதையும் தடுக்காது. அமெரிக்காவில் பிள்ளைகளைச் சுடுதளத்துக்குக் கூட்டிப்போகும் நம்மவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். நம் ஊரிலும் என்.சி.சி. முகாம்களில் பிள்ளைகள் .22 சுடுகிறார்கள். .22தானே என்று விடாதீர்கள், அடைப்பானும் உறையும் இரண்டும் போடுங்கள். பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தைக்கும், பித்தளை பொறுக்கும் குழந்தைக்கும் சேர்த்துப் போடுங்கள்.