நாள் கணக்கும் உடம்புக் கணக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். பொம்பிளைப் பிள்ளைகள் இருக்கிற எல்லா வீட்டுக்கும் உரிய விஷயம் என்பதால் ஆண்களும் வாசிக்க வேணும். இதைப் போடலாமா என்று என் கணவரிடம் கேட்டேன். "போடுங்க, எங்கட ஆக்களுக்கும் தெரியட்டும்" என்றார்.

விஷயம் மாதவிடாய். அதிலும், அளவுக்கு மிஞ்சிய இரத்தப்போக்கும் வலியும்.

என்னுடைய மூன்றாவது பிள்ளை பிறந்து சில வருஷத்துக்குப் பிறகு தொடங்கியது. 5 நாளில் நின்றது 9 நாள், 10 நாள் என்று போனது. முதல் மூன்று நாளும் இரவில் இரண்டு தரம் எழும்பி உடுப்பு மாற்ற வேணும். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேட் ஒன்றாக வைத்துக்கொண்டு போவேன். கறுப்பு அபாயாதான். இரண்டு பாடவேளை சேர்ந்தாற்போல் வந்தால் இடையில் ஓட வேணும். கரும்பலகைக்குத் திரும்பி எழுதவே யோசனையாக இருக்கும். வலி என்றால் இடுப்பிலிருந்து தொடைவரை இழுக்கும். கதிரையைப் பிடித்துக்கொண்டு கணக்குச் சொல்லிக் கொடுத்த நாட்கள் உண்டு.

நான் கேட்காமல் இருக்கவில்லை. உம்மாவிடம் கேட்டேன். "எனக்கும் இப்படித்தான் மகள், பெரியும்மாக்கும் இப்படித்தான்" என்றா. ராத்தாவிடம் கேட்டேன். கூடப் படிப்பிக்கிற டீச்சர்மாரிடம் கேட்டேன். எல்லாரும் கடைசியில் சொன்னது ஒன்றுதான்: "15 நாளுக்குள்ள நிற்குதுதானே? அப்ப பிரச்சினை இல்ல."

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்தப் பதிவே.

நம் ஷாஃபி மத்ஹபில் ஹைழின் கூடிய அளவு 15 நாள் என்று சின்ன வயசிலேயே மத்ரஸாவில் படிக்கிறோம். அதைத் தாண்டினால் அது இஸ்திஹாழா, குளித்துவிட்டுத் தொழ வேணும், நோன்பு பிடிக்க வேணும் என்பதும் தெரியும். அந்தச் சட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது எப்போது தொழுவது, எப்போது விடுவது என்பதற்கான கணக்கு. உடம்பிலிருந்து எவ்வளவு இரத்தம் போகிறது, அதைத் தாங்க உடம்பால் ஏலுமா என்பது வேறு கணக்கு. 15 நாளுக்குள் நின்றுவிட்டது என்பதற்காக உடம்பு சுகமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. மருத்துவத்தில் 7 நாளுக்கு மேல் போனாலே காரணம் பார்க்கச் சொல்கிறார்கள். 5 நாளில் நின்றாலும், அந்த 5 நாளில் அளவுக்கு மிஞ்சிப் போனால் அதுவும் வைத்தியம் தேவைப்படுகிற விஷயம்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரு தனியார் இடத்தில் காசு கட்டிக் காட்டினேன். இரண்டு நிமிஷம்தான். "பொம்பிளைகளுக்கு இந்த வயசில் இப்படித்தான், மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேணாம்" என்று வலிக்கு ஒரு குளிசை எழுதித் தந்தார்கள். எத்தனை நாள், எவ்வளவு என்று ஒரு கேள்விகூட இல்லை.

அடுத்த வருஷம் மேல்மாடி வகுப்புக்குப் படி ஏற ஏலாமல் போனது. பாதியில் நின்று மூச்சு வாங்குவேன். நெஞ்சு படபடக்கும். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சோறாக்க அரிசி கழுவும்போது பச்சையாக ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்வேன், அப்படி ஒரு ஆசை. இதயத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்துத்தான் அரசாங்க ஆஸ்பத்திரி ஓபிடிக்குப் போனேன்.

அங்கே இருந்தவ ஒரு இளம் டொக்டர். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தா. நகத்தைப் பார்த்தா. "டீச்சர், பீரியட்ஸ் எப்படி?" என்று கேட்டா. நாள் கணக்கை உடனே சொன்னேன். எந்தத் திகதியில் வந்தது, எப்போது குளித்தேன், போன ரமழானில் எத்தனை நோன்பு களா, எல்லாம் விரல் நுனியில். "ஒரு நாளைக்கு எத்தனை பேட்? முழுசா நனையுதா? கட்டி கட்டியாப் போகுதா?" என்று கேட்டபோது வாயில் பதில் இல்லை. அதை எண்ண வேணும் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 6.8. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே இருந்தாலே இரத்தச்சோகை. பச்சை அரிசி தின்னும் ஆசையும் இரும்புச் சத்துக் குறைவின் ஒரு அடையாளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்றே வாட்டில் நிற்பாட்டி இரத்தம் ஏற்றினார்கள்.

வாட்டில் அந்த டொக்டர் விளக்கினா. ஒரு மாதவிடாயில் சராசரியாகப் போவது 30 முதல் 40 மில்லிலீற்றர். 80ஐத் தாண்டினால் அதிகம். 80 என்றால் 5 மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். வீட்டில் யாரும் அளக்கப் போவதில்லை. அதனால் இந்த அடையாளங்களைப் பார்க்கச் சொன்னா:

- 1 அல்லது 2 மணித்தியாலத்துக்கு ஒரு பேட் முழுசாக நனைவது
- இரண்டு பேட் ஒன்றாக வைக்க வேண்டி வருவது, இரவில் மாற்ற எழும்ப வேண்டி வருவது
- நம்ம 10 ரூபாக் குத்தி அளவு, அதாவது இரண்டரை சென்றிமீற்றர் அளவு கட்டிகள் போவது
- 7 நாளுக்கு மேல் நீடிப்பது
- அந்த நாட்களில் பள்ளிக்கூடம், வேலை, சமையல் என்று வழமையான எதையும் செய்ய ஏலாமல் போவது

இதில் ஒன்று இருந்தாலும் போய்க் காட்டலாம்.

அதற்குப் பிறகு ஒரு கொப்பி வைத்தேன். திகதி, எத்தனை பேட், முழுசா பாதியா, கட்டி உண்டா, வலி 10க்கு எத்தனை, என்ன குளிசை குடித்தேன், எந்த வேலை செய்ய ஏலாமல் போனது. பிள்ளைகளின் வரவுப் பதிவேடு மாதிரி கோடு போட்டு எழுதினேன். மூன்று மாதக் கணக்கை எடுத்துக்கொண்டு பெண்நோயியல் கிளினிக்குக்குப் போனபோது, அந்த விசேட வைத்தியர் கொப்பியை வாங்கி முதலிலிருந்து வாசித்தார். யாரும் "மனசைக் குழப்பாதீங்க" என்று சொல்லவில்லை.

ஸ்கேனில் கர்ப்பப்பையில் பைப்ரொயிட் கட்டி ஒன்றும், அடினோமையோசிஸ் என்கிற நிலையும் தெரிந்தது. கர்ப்பப்பையின் உள்பக்கத்தோல் அதன் தசைச் சுவருக்குள்ளேயே வளர்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இரத்தமும் வலியும் இரண்டும் கூடுவது அதனால்தான். பைப்ரொயிட் புற்றுநோய் இல்லை, பெண்களிடம் மிகவும் சாதாரணமாக இருப்பது. என் வயசைப் பார்த்து உள்தோலில் சின்னத் துண்டு எடுத்தும் சோதித்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பயப்பட ஒன்றும் இருக்கவில்லை.

"கர்ப்பப்பையை எடுத்திடுவாங்க" என்ற பயத்தில்தான் நம்மில் பலர் போவதில்லை. ஒபரேஷன் பெரும்பாலும் கடைசிப் படி. அதற்கு முன் எத்தனையோ வழி இருக்கு. இரத்தம் கூடிய நாட்களில் மட்டும் குடிக்கிற டிரனெக்ஸாமிக் அசிட், வலியையும் ஓரளவு இரத்தத்தையும் குறைக்கிற மெபெனமிக் அசிட், ஹோர்மோன் குளிசை, ஹோர்மோன் லூப். எல்லாம் எல்லாருக்கும் பொருந்தாது. இரத்தம் உறைகிற வருத்தம் முன்பு வந்தவர்களுக்கு டிரனெக்ஸாமிக் கூடாது. வயிற்றுப் புண், ஆஸ்துமா இருந்தால் மெபெனமிக் பற்றி டொக்டரிடம் சொல்ல வேணும். அதனால் பக்கத்து வீட்டு ராத்தாவின் துண்டை வைத்து பாமசியில் வாங்க வேணாம். ஒன்று மட்டும் எல்லாருக்கும் சொல்கிறேன்: இந்த வலிக்கு டிஸ்பிரின், அஸ்பிரின் போட வேணாம், அது இரத்தப்போக்கைக் கூட்டும்.

எனக்கு ஹோர்மோன் லூப் போட்டார்கள். "லூப் குடும்பக் கட்டுப்பாட்டுக்குத்தானே?" என்று மாமி முகம் சுளித்தா. எனக்கு அது வைத்தியம் என்று விளக்கினேன், விளங்கிக்கொண்டா. முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாக, ஒழுங்கில்லாமல் வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். தொழுகை விஷயத்தில் அது குழப்பம் தரும். நாள் குறிப்போடு ஒரு ஆலிமாவிடம் போய்க் கேட்டுத் தெளிந்துகொண்டேன். ஆறு மாதத்துக்குப் பிறகு இரத்தம் நன்றாகக் குறைந்தது. வலி பத்துக்கு இரண்டு, மூன்று. இரும்புச் சத்துக் குளிசை மாதக் கணக்கில் குடித்தேன். அதைத் தேத்தண்ணியோடும் பாலோடும் குடிக்கக் கூடாது. சோறு தின்ற கையோடு நாம் குடிக்கிற பிளேன்டீயும் சாப்பாட்டிலுள்ள இரும்பைச் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் போதும். தேசிக்காய், கொய்யா சேர்த்துக்கொண்டால் நல்லது. இப்போது ஹீமோகுளோபின் 12.1. மேல்மாடி வகுப்பு எனக்குத்தான்.

இனி பிள்ளைகளைப் பற்றி. ஆசிரியையாக இதைச் சொல்லாமல் விட ஏலாது.

மாதத்தில் அதே மூன்று நாள் வராமல் விடுகிற பிள்ளைகளை வரவுப் பதிவேட்டிலேயே காணலாம். வயசுக்கு வந்த முதல் ஒன்றிரண்டு வருஷம் மாதம் முன்பின்னாக வருவது வழமை. ஆனால் மேசையில் தலை வைத்துக் கிடக்கிற அளவு வலியும், ஒவ்வொரு மணித்தியாலமும் நனைகிற இரத்தமும் வழமை இல்லை. சில பிள்ளைகளுக்கு இரத்தம் உறைவதிலேயே பிறவிக் குறை இருக்கும். அடிக்கடி மூக்கால் இரத்தம், முரசில் இரத்தம், லேசாகப் பட்டாலும் நீலம் பாய்வது, பல்லுப் பிடுங்கினால் இரத்தம் நிற்காமை, இவை இருந்தால் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இந்த வருத்தங்களில் அதிகம் காணப்படும் ஒன்றுக்கு வொன் வில்லபிரண்ட் நோய் என்று பெயர். பின்லாந்து மருத்துவர் எரிக் வொன் வில்லபிரண்ட் 1926இல் அதைப் பற்றி முதன்முதலாக எழுதினார். அவர் பார்த்தது ஓலாண்ட் தீவிலிருந்து வந்த 5 வயசுச் சிறுமி ஒருத்தியை. அந்தப் பிள்ளை 13 வயசில், நாலாவது மாதவிடாயில் இரத்தம் நிற்காமல் இறந்துபோனது. அன்றைக்கு மருந்து இருக்கவில்லை. இன்றைக்கு இருக்கு. "வயசுக்கு வந்த பிள்ளைக்கு அப்படித்தான்" என்று சொல்லும் முன் அந்தப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள்.

"கல்யாணம் முடிக்காத பிள்ளையை எப்படிக் கொண்டு போவது?" என்று தாய்மார் கேட்பார்கள். கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு வயிற்றுக்கு மேலாலேயே ஸ்கேன் எடுப்பார்கள். நிறையத் தண்ணி குடித்து, சலம் முட்டிய நிலையில் போனால் போதும். பெண் டொக்டர் வேணும் என்று கேட்கலாம். தாய் கூடவே இருக்கலாம்.

எங்கே போவது? அரசாங்க ஆஸ்பத்திரி ஓபிடியில் காட்டினால் பெண்நோயியல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள், செலவில்லை. வீட்டுக்கு வருகிற மிட்வைஃபிடம் கேட்டாலும் வழி சொல்வா. 35 வயசு தாண்டியவர்களுக்கு எம்.ஓ.எச். பிரிவுகளில் சுகவனிதையர் கிளினிக் 1996இலிருந்து நடக்குது. அதையும் பயன்படுத்துங்கள்.

ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பேட் என்று தொடர்ந்து நனைந்தால், தலை சுற்றினால், மூச்சு வாங்கினால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேணாம், உடனே ஆஸ்பத்திரி. மாதவிடாய் முற்றாக நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு சொட்டு வந்தாலும் காட்ட வேணும். உம்மாமாரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், அவங்க தாங்களாகச் சொல்ல மாட்டாங்க.

வெட்கம் என்கிறோம். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரழி) அவர்கள் தனக்கு இரத்தம் நிற்காமல் போவதை நபி (ஸல்) அவர்களிடமே நேரில் வந்து கேட்டார்கள். அது ஹைழ் இல்லை, ஒரு நரம்பிலிருந்து வருவது என்று நபியவர்கள் பிரித்து விளக்கினார்கள். வழமையான மாதவிடாய் வேறு, வருத்தத்தால் வருகிற இரத்தம் வேறு என்பது நமக்குப் புதிய விஷயமே இல்லை. அந்த ஸஹாபிப் பெண் கேட்டதை நாம் டொக்டரிடம் கேட்க ஏன் கூச வேணும்?

நாள் எண்ணுகிற பழக்கம் நம் பெண்களிடம் ஏற்கனவே இருக்கு. நம்மைப்போல் இதைக் கணக்கு வைக்கிறவர்கள் குறைவு. அதே கொப்பியில் இன்னும் இரண்டு கோடு போடுங்கள், எத்தனை பேட், எவ்வளவு வலி என்று. அடுத்த மாதத்திலிருந்தே தொடங்கலாம். மகளுக்கும் ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள்.

வாப்பாமார், கணவன்மார்: "ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று நீங்களாக ஒரு தரம் கேளுங்கள். பாதிச் சுமை அதிலேயே இறங்கும்.

நான் டொக்டர் இல்லை, மருந்துப் பெயர் கேட்டால் சொல்ல மாட்டேன். கூட வர ஆள் இல்லை என்று தயங்குகிற சகோதரிகள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் நான் வீட்டில்தான், கூட வருவேன், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ் நம் எல்லாருக்கும் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.