கணினி மரம் தந்த பாடம்

எமது கல்லூரியின் விழாவையொட்டி, பழைய சேர்வு இடாப்புகளிலுள்ள பெயர்களையெல்லாம் கணினியில் ஏற்றும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. தமிழாசிரியர்க்கு இப்பணி எற்றுக்கு என வினவியோரும் உளர். மங்கிய மையெழுத்தைப் படித்துப் பெயரைப் பிழையற எழுதுதல் தமிழாசிரியர் தொழிலே என்பது அதிபர் கருத்து. பெயர்களைப் பதித்தோர் யாம். அவற்றைத் திரையிற் காட்டும் செயலியை ஆக்கியவன், உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் பயின்ற எம் மாணாக்கன் ஒருவன்.

ஜாவா மொழியோடு 1998 ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் சுவிங் என்னும் கருவித்தொகுதியிலுள்ள மர உறுப்பை அவன் எடுத்தாண்டான். கல்லூரி வேர், ஆண்டு கிளை, வகுப்பு சிறுகிளை, மாணவர் பெயர் இலை. கிளையின் அருகிலுள்ள குறியை அழுத்தின் அது விரியும். மீண்டும் அழுத்தின் ஒடுங்கும். அதனைக் கண்டு மகிழ்ந்த யாம், “தம்பி, ஒரு பெயரும் மறைந்திருத்தலாகாது. திறந்தவுடன் மரம் முழுவதும் விரிந்து நிற்கவேண்டும்” என்று பணித்தோம். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், யாம் செவிகொடுத்திலேம்.

கண்காட்சி நாளன்று முதியவர் ஒருவர் கைத்தடியூன்றி வந்தார். “மாஸ்டர், என் தமையனார் 1958 இல் இங்கே சேர்ந்தவர், இப்போது இல்லை. அவர் பெயரை ஒருமுறை பார்க்கலாமோ?” என்றார். செயலியைத் திறந்தோம். திரை வெளிறி நின்றது. சுட்டியை அசைத்தோம், அழுத்தினோம், பயனில்லை. நிமிடங்கள் கழிந்தன. “பரவாயில்லை மாஸ்டர், பேருந்துக்கு நேரமாகிறது” என்று கூறி முதியவர் சென்றுவிட்டார். எம் வெட்கம் கோபமாக மாறியது. பலர் முன்னிலையில் அம்மாணாக்கனைக் கடிந்துகொண்டோம். அவன் தலைகுனிந்து நின்றான்.

அன்று மாலை அவனே காரணத்தை விளக்கினான். “சேர், திரையில் தெரிபவை முப்பது வரிகள் மட்டுமே. ஆனால் மரம் முழுவதையும் விரித்துவிட்டால், ஆயிரக்கணக்கான வரிகளின் உயரத்தையும் அது தனித்தனியே அளக்கிறது. பெயர் ஒவ்வொன்றும் சேரும்போது ஓர் அறிவித்தல். அறிவித்தல்தோறும் ஒழுங்கு திரும்பவும் பார்க்கப்படுகிறது. திரையை வரைவதும் சுட்டிக்கு மறுமொழி தருவதும் ஒரே இழையின் வேலை. அது அளந்து முடியும்வரை திரை உறைந்தே நிற்கும்” என்றான்.

பின்னர் அவன் செய்தவை மூன்று. கிளையைத் திறக்கும்போது மட்டும் அதன் பெயர்களைக் கொணரச் செய்தான். எல்லா வரிகளுக்கும் ஒரே உயரத்தை விதித்து, இது பெரிய மரமென முன்னரே குறித்தான். அதனால் அளத்தல் ஒழிந்து பெருக்கலே போதுமாயிற்று. பெயர்களை ஒவ்வொன்றாக அறிவியாமல் தொகுத்து ஒருமுறை அறிவித்தான். மரம் கண்ணிமைப்பொழுதில் திறந்தது. பெயர் ஒன்றும் குறையவில்லை. கேட்ட கிளை மட்டும் விரிந்தது.

சிறிது சிறிதாகக் கற்பிக்குக, மாணவன் கொள்ளுமளவு கொடுக்குக என்று பயிற்சிக் கலாசாலையிற் படித்துச் சான்றிதழ் பெற்றவர் யாம். ஆயினும் புணரியல் முழுவதையும் ஒரே வாரத்தில் வகுப்பிற் கொட்டிவிட்டு, பிள்ளைகளின் முகம் உறைந்தபோது அவர்களை மந்தரெனக் கடிந்த நாள்களும் உண்டு. அந்நாள்கள் அன்றிரவு எம் நினைவுக்கு வந்தன.

அடுத்த ஞாயிறன்று முதியவரின் ஊரை விசாரித்து, மடிக்கணினியுடன் இருவரும் சென்றோம். 1958 ஆம் ஆண்டுக் கிளையை மாணாக்கனே விரித்தான். முதியவர் தமையனாரின் பெயர் நின்ற வரியை விரலால் தொட்டு, நெடுநேரம் பேசாதிருந்தார்.

பலர் முன்னிலையிற் கடிந்தோர் பலர் முன்னிலையிலேயே தம் பிழையை ஒப்புக்கொள்ளுதல் முறை. ஆதலின் இதனை இம்மலரில் எழுதினோம். தம்பி, பிழை செயலியினதன்று, எம்முடையதே.