போளா: எருதுக்கு வைக்கும் விருந்து

மகாராஷ்டிராவில், முக்கியமாக விதர்பா, மராத்வாடா கிராமங்களில், சிராவண மாத அமாவாசையன்று உழவு எருதுகளுக்காகவே எடுக்கும் விழா போளா. ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ வரும். தமிழ்நாட்டு மாட்டுப் பொங்கல் தை அறுவடையை ஒட்டியது; போளாவின்போது பயிர் இன்னும் வயலில் நிற்கிறது. மானாவாரிச் சீமை அது. மழை விழுந்ததும் உழவு, விதைப்பு, அப்புறம் பருத்திக்கும் சோளத்துக்கும் ஊடு உழவு என்று எருதுகள் ஓய்வில்லாமல் உழைத்து முடிக்கும் நேரம். மகசூல் தேறுமா என்று தெரிவதற்கு முன்பே அவற்றுக்குரிய மரியாதை நடந்துவிடுகிறது.

முந்தின நாள் மாலை எருதுகளைக் குளிப்பாட்டுவார்கள். நுகத்தடி அழுத்திக் காய்த்துப்போன தோள்மேட்டை வெந்நீர் விட்டுக் கழுவி, மஞ்சளும் நெய்யும் தேய்த்து, நெடுநேரம் உருவிவிடுவார்கள். அப்போதே, ‘நாளைக்குச் சாப்பிட வாருங்கள்’ என்று மாட்டிடம் முறையாக அழைப்பும் வைப்பதுண்டு. மேளமும் ஊர்வலமும் மறுநாள்தான் என்றாலும், விழாவின் உயிர் இந்த மாலையில் இருக்கிறது. மாட்டுக்கு நோகும் இடம் எதுவென்று ஏர் பிடிப்பவனுக்குத்தானே தெரியும்!

போளா அன்று ஏர் பூட்டுவதில்லை. கொம்பைச் சீவி வண்ணம் பூசி, புதுக் கயிறு மாற்றி, கழுத்தில் சலங்கையும் முதுகில் பூவேலை விரிப்புமாக எருதுகளை ஓட்டிவருவார்கள். மாவிலைத் தோரணம் கட்டிய இடத்தில் ஊர் மாடெல்லாம் கூடும். மூத்த குடும்பத்து எருது முதலில் தோரணத்தைக் கடக்க, மற்றவை பின்னால் போகும். முதல் மரியாதை யாருக்கு என்பதில் மனத்தாங்கலும் வருவதுண்டு. எந்த ஊர்த் திருவிழாதான் இதற்கு விலக்கு? வீடு திரும்பும் எருதின் காலைக் கழுவி, ஆரத்தி எடுத்து, கடலைப்பருப்புப் பூரணம் வைத்த போளியை ஊட்டுகிறார்கள். ஆண்டு முழுக்கச் சோளத்தட்டை மென்ற வாய்க்கு அன்று விருந்து.

கோலாப்பூர், சாங்லி பக்கம் இதே விழா முந்தைய மாதத்திலேயே ‘பெந்தூர்’ என்ற பெயரில் வந்துவிடும். சத்தீஸ்கரில் இது ‘போரா’. அங்கே சிறுவர்கள் சக்கரம் வைத்த மண் எருதை இழுத்து விளையாட, சிறுமிகளுக்கு மண்ணில் செய்த அடுப்பும் திருகையும் வாங்கிக் கொடுப்பார்கள். நாக்பூரில் மறுநாள் குழந்தைகளுக்கென்றே ‘தான்ஹா போளா’ நடக்கிறது. அலங்கரித்த மர எருதுகளோடு அவர்கள் ஊர்வலம் போவார்கள்.

டிராக்டர் வந்தபின் உழவு மாடுகள் குறைந்துவிட்டன. சிலர் டிராக்டருக்கே மாலை போட்டுப் பொட்டு வைக்கிறார்கள். மாடு இல்லாத வீடுகளில் சந்தையிலிருந்து மண் எருதுகளை ஜோடியாக வாங்கி வந்து பூஜை நடத்துகிறார்கள். அவற்றுக்கும் படையல் போளிதான்.