பிள்ளை மட்டுமா காணாமற்போனான்?

என் ஞானப்பிள்ளை ஒருவன் பன்னிரண்டாம் வயதில் வீட்டை விட்டு ஓடிப்போனான்.

2018 நவம்பரில் வீசிய கஜா புயல், ஆலங்குடிப் பக்கத்து எங்கள் ஊரில் அவன் தகப்பனாருடைய தென்னைகளை ஒரே இரவில் வேரோடு சாய்த்திருந்தது. மரங்கள் போயின; கடன் வந்தது; கடனோடு குடியும் வந்தது. குடித்த கை முதலில் தாயின்மேலும், பிறகு பிள்ளையின்மேலும் விழுந்தது.

திருச்சி ரயில் நிலையத்தில் கண்டெடுக்கப்பட்ட சிறுவன், பின்னர் எங்கள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின்முன் நிறுத்தப்பட்டான். "அந்த வீட்டுக்கு இவனை அனுப்பாதீர்கள், ஏதேனும் ஓர் இல்லத்தில் சேர்த்துவிடுங்கள்" என்று நான் மன்றாடினேன். அதுவே அன்பென்று எண்ணினேன்.

அங்கிருந்த ஆற்றுப்படுத்துநர் அம்மையார் அமைதியாகக் கேட்டார்: "ஐயா, இவனை இல்லத்தில் வைக்கலாம். வீட்டிலிருக்கும் இவன் தங்கையை எங்கே வைப்பது?"

நான் வாயடைத்துப்போனேன்.

சிறுவன் சில காலம் இல்லத்தில் பாதுகாப்பாக இருந்தான். அதற்குள் தகப்பனார் குடிநோய்க்குச் சிகிச்சை பெற்றார். பின்னர் நால்வரையும் ஒன்றாக அமரவைத்து அம்மையார் பல வாரங்கள் பேசச் செய்தார். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடலாகாது என்பதே முதல் விதி. "மரங்கள் விழுந்தபோது நானும் விழுந்துவிட்டேன்; என்னை ஒருவரும் கேட்கவில்லை" என்று தகப்பனார் ஒருநாள் அழுதாராம். கேட்காதவர்களில் நானும் ஒருவன். திருமுழுக்கில் பொறுப்பேற்ற நான், கிறிஸ்துமஸுக்குப் புத்தாடை கொடுத்ததோடு நின்றுவிட்டேன்.

இம்முறை புதுமையானதன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையத்தில் 1950-களிலிருந்தே நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்குகின்றனர். அமெரிக்காவில் 1970-களில் ஜேம்ஸ் அலெக்சாண்டர் முதலியோர் வகுத்த குடும்ப ஆற்றுப்படுத்தல் முறை, பின்னாளில் நியூயார்க் நகரக் குழந்தைப் பாதுகாப்புப் பணியில் இடம்பெற்றது. நம் நாட்டு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், இல்லங்களைக் கடைசி வழியாகவே கொள்ளச் சொல்கிறது. பிள்ளை குடும்பத்திலேயே வளர, வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ளோர்க்கு மாதம் 4,000 ரூபாய் உதவியும் உண்டு. ஆனால் அத்திட்ட விதிகளின்படி மாவட்ட அலகு ஒன்றுக்கு ஆற்றுப்படுத்துநர் ஒருவரே! ஒருவர் எத்தனை வீடுகளின் கண்ணீரைத் துடைப்பார்? இப்பணியாளர் பெருகவேண்டும், குடும்பத்தை ஒன்றாக அமர்த்திப் பேசும் பயிற்சி அவர்களுக்கு அன்றாடப் பணியின் பகுதியாக வேண்டும்.

எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும் என்று சொல்லேன். உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்துள்ள இடத்தில் பிள்ளையை உடனே காப்பதே கடமை. 1098 என்ற எண்ணை அழைக்க நாம் தயங்கலாகாது. ஆனால் அடி தொடங்குமுன்னரே அண்டை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்க நம் அன்பியங்களால் முடியுமே!

என் ஞானப்பிள்ளை இன்று வீட்டிலிருந்தே பள்ளி செல்கிறான். இடையில் தகப்பனார் ஒருமுறை தவறினார். தாமே அம்மையாரைத் தேடிச்சென்று ஒப்புக்கொண்டார்.

பன்னிரண்டு வயது இயேசு பாலனைக் காணாதபோது, மரியாளும் சூசையும் ஒருவரையொருவர் பழிக்காமல் இருவருமாகவே திரும்பி நடந்து தேடினார்கள். காணாமற்போன பிள்ளையைத் தேடும் வழி இன்றும் அதுவே.